எந்த கார்லோஸ்?

டவுன் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது அனந்தராமன் பேங்க்கில் மீட்டிங்கில் இருந்தார். வெளியே வந்துதான் மெசேஜைக் கேட்டார். இனி ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பார்க் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொள்ளலாம். கார்லோஸ் சொன்னதால்தான் கிடைத்தது என்று ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள்.

அது 1997. ஜெர்சி சிட்டியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த பதினாலு தமிழர்களுக்கு ஒரு டீம் இருந்தது, மைதானம் இல்லை. பக்கத்து டவுன் பார்க்கில் ஞாயிறு காலை முழுக்க குழந்தைகளின் சாக்கர். இவர்கள் கிட் பேக்கோடு வேலிக்கு வெளியே நிற்பார்கள். சாக்கர் முடிந்ததும் வேறு யாராவது உள்ளே போய்விடுவார்கள்.

அவர்களுக்கு இரண்டு கார்லோஸைத் தெரியும். ஒருவர் டவுன் கவுன்சிலர், நவம்பரில் மறுபடி எலெக்‌ஷனில் நிற்கிறவர். இன்னொருவர் சாக்கர் கோச், மைதானத்துக்குள் யாராவது ஒரு கால் வைத்தாலே விசில் ஊதுகிறவர்.

எந்த கார்லோஸ் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முதல் ஆட்டத்தன்று சின்னதாக ஒரு விழா வைப்பதாக முடிவானது. நியூவர்க் அவென்யூ இந்தியக் கடையில் ஜரிகை போட்ட பொன்னாடை வாங்கினார்கள். வருகிறேன் என்று கவுன்சிலரிடமிருந்து அன்றைக்கே பதில் வந்தது. எலெக்‌ஷன் நேரத்தில் வராமல் இருப்பாரா என்று சிரித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெர்மிட் வாங்கப் போன கேப்டன் மயில்சாமி, முகம் ஒரு மாதிரியாகத் திரும்பி வந்தார். பெர்மிட்டோடு ஒரு லெட்டர் காப்பியும் இருந்தது. கோச் கார்லோஸ் எழுதியது. இவர்கள் வாராவாரம் வேலிக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, ஞாயிறு காலையை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், எங்கள் குழந்தைகள் சனிக்கிழமை சாயங்காலம் ஆடிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார்.

"ஏனுங்க அனந்து, நமக்கு கிரவுண்டைக் கொடுத்தது அந்த கார்லோஸ் இல்லீங்க."

அனந்தராமன் லெட்டரை இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்வைட் பண்ணியாச்சு, மயில்சாமி. கவுன்சிலர் நாளைக்கும் நமக்கு வேணும். கோச்சை இன்னொரு நாள் லஞ்சுக்குக் கூப்பிட்டுக்கலாம். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மயில்சாமி யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் வெள்ளை உடுப்பில் வந்திருந்தார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் கோச் தனியாளாக கோல்போஸ்ட்டை இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். மயில்சாமி அந்தப் பக்கம் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டினார்.

அனந்தராமன் மைக்கில் பத்து நிமிஷம் பேசினார். கார்லோஸ் இல்லையென்றால் இந்த மைதானம் இல்லை என்று முடித்து, கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கவுன்சிலர் மைக்கை வாங்கினார்.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு இப்பத்தான் புரியுது," என்றார். "அன்னிக்குக் கூட்டத்துல நான் உங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன். குழந்தைங்க நேரத்தைப் பெரியவங்களுக்குக் கொடுக்கறது தப்புன்னு நினைச்சேன். கொடுக்கணும்னு எங்களோட சண்டை போட்டது அதோ, அந்த கார்லோஸ்."

மைக்கை வைத்துவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார். தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, வேர்த்து நின்ற கோச்சின் தோளில் போட்டார். என்ன நடக்கிறதென்று தெரியாமல் கோச் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

திரும்பி வந்த கவுன்சிலர், தலை குனிந்து நின்ற அனந்தராமன், மயில்சாமி இருவரின் முதுகிலும் தட்டிக்கொடுத்தார்.

"இதுக்குப் போய் வருத்தப்படாதீங்க. எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு கார்லோஸ். தெரியாம நடந்ததுதானே?"

ஆமாம் என்று இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.