பொய்க் கிளிக்

உலகத் தமிழினத்தின் மனசாட்சி கோட்டுச்சேரியிலிருந்து பேசுகிறது என்று திருஞானசம்பந்தம் தன் இணையதளத்தின் முகப்பிலேயே எழுதி வைத்திருந்தார். தளத்தின் விளம்பரங்களில் பொய்க் கிளிக்குகள் விழுகின்றன, தொடர்ந்தால் விளம்பரக் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று காலையில் விளம்பர நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது.

"பாரீஸ் வரைக்கும் என்னைப் படிக்கிறாங்கல்ல, பொறுக்கல. எவனோ பொறாமை புடிச்ச நாயி வேணும்னே அமுக்குறான்!" என்று மனைவி சௌந்தரவல்லியிடம் குமுறினார்.

"அவன் நாசமாத்தாங்க போவான்," என்றாள் அவள் மனதார.

கணினிக் கடை சிவராமன் வந்து பார்த்தான். "எல்லாம் ஒரே போன்லேருந்துதான் சார். அது உள்ள வராம அடைச்சுப்புடலாம். ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! அடைப்பா முதல்ல!"

அடைத்தான். விளம்பரக் கணக்கு தப்பியது.

மாலையில் சௌந்தரவல்லி தன் போனை நீட்டினாள். "உங்க தளம் தொறக்க மாட்டேங்குதுங்க. தெனம் படிச்சுட்டு, பாவம் கடை போட்டிருக்காங்களேன்னு ஒவ்வொரு விளம்பரத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் மூடுவேன்."

அவர் வாசகர் எண்ணிக்கையைத் திறந்து பார்த்தார். சிவராமன் அடைத்த பிறகு தளத்துக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை.