காலியில் நிற்கும் முள்

"ஃப்யூல் மீட்டர் எங்கம்மா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் ஆய்வு அதிகாரி தணிகாசலம். இறக்கை முழுக்கச் சூரியத் தகடுகள் பதித்த, டேங்கே இல்லாத விமானம் அது. "வெயில்ல பறக்குறதுக்கு எதுக்கு சார் ஃப்யூல் மீட்டர்?" என்றாள் சுகிர்தா. "ஃபாரத்துல கேட்டிருக்கே. அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது." அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. விமானத்தை வடிவமைத்தவளும் ஓட்டப்போகிறவளும் அவள்தான். எடையைக் குறைக்கத் தேவையில்லாத திருகாணிகளை எல்லாம் கழற்றி, கடைசியில் தன் காதுத் தோட்டையும் கழற்றி வைத்திருந்தாள். கடையில் விற்கும் மீட்டரோ கால் கிலோ. ஓர் அட்டையை வட்டமாக வெட்டி, 'காலி', 'பாதி', 'முழுசு' என்று எழுதி, முள்ளைக் காலியில் வரைந்து, அவர் கண்முன்னாலேயே தன் இருக்கைக்கு எதிரே ஒட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு ஃபாரத்தில் டிக் அடித்தார். உச்சி வெயிலில், தரையில் நின்றவர்களுக்கு விமானம் ஒரு கீறலாகத் தேய்ந்திருந்தபோது, ரேடியோவில் அவர் குரல் ஃபாரத்தின் அடுத்த கேள்வியைக் கேட்டது. "ஃப்யூல் எவ்வளவும்மா இருக்கு?" சுகிர்தா அட்டையைப் பார்த்தாள். "காலி சார். கிளம்பினதுலேர்ந்து காலிதான். இன்னும் மேல போறேன், எழுதிக்கோங்க."