ஐந்தாவது மெக்கானிக்

காலை ஐந்தரைக்கு சித்தார்த் எழுந்தான். பல் தேய்த்தான், ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு கீழே இறங்கி, எம்.கே.பி. நகர் குடியிருப்பு வாசலில் நின்ற தன் பிக்கப் வண்டியில் ஏறி, இன்ஜினைப் போடாமலே பிரேக் பெடலை இருபது தடவை மிதித்தான்.

இருபது தடவையும் பெடல் கெட்டியாக நின்றது. அவன் எதிர்பார்த்தது அதுவல்ல.

மூன்று மாதத்தில் நான்கு மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று. பிரேக் நன்றாக இருக்கிறது என்று நான்கு பேரும் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் தௌசீஃப். டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்தார்.

"இன்னா கம்ப்ளைன்ட்டு?"

"பிரேக் புடிக்கல, பாய்."

"எப்பவுமே புடிக்கலியா, இல்ல அப்பப்பவா?"

"ஒரே ஒரு தடவை."

தௌசீஃப் நிமிர்ந்து பார்த்தார். மற்ற நான்கு பேரிடம் சொன்னதையே சித்தார்த் அவரிடமும் சொன்னான். பெயரும் விலாசமும் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், தண்ணீர் கேன் கம்பெனியில் லோடு ஏற்றுகிற மேடைக்கு வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். இன்றைக்குப் போலவே காலி கேன்கள் உயரமாக இருந்தன, கண்ணாடியில் பின்பக்கம் தெரியவில்லை. அவன் மனைவி எழில்மொழி பின்னால் நின்று குரல் கொடுத்தாள். அந்தக் குரலை வைத்துத்தான் வந்தான். பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்கவில்லை. அவள் மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தாள்.

தௌசீஃப் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு இன்னான்னு குரல் குடுத்துச்சு?"

"வா, வான்னு."

"ரிவர்ஸுக்கு 'வர்லாம், வர்லாம்'னுதானப்பா சொல்லுவாங்க?"

"அவளும் எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. அன்னிக்கு வான்னா."

அவள் கூப்பிட்டாள், பிரேக் பிடிக்கவில்லை. இந்த இரண்டும் இருந்தால் அவன்மேல் தப்பில்லை. முதலாவது அவனிடம் இருந்தது. இரண்டாவதைத்தான் ஷெட் ஷெட்டாகத் தேடிக்கொண்டிருந்தான்.

தௌசீஃப் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்க்க, சித்தார்த் குனிந்து நின்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"லைனிங் தேஞ்சிருக்கா, பாய்?"

"புதுசாட்டம் கீது."

"மாஸ்டர் சிலிண்டர்ல லீக்?"

"ஒரு சொட்டு இல்ல."

"ஏர் பூந்திருந்தா? ஒரு தடவை விட்டுட்டு, அப்புறம் சரியாயிருக்கலாம்ல?"

"உள்ள பூந்த காத்து தானா போவாது, நைனா. யாருனா தொறந்து வுடணும்." தௌசீஃப் கையைத் துடைத்துக்கொண்டார். "உனுக்கு இதுல ஒரு குறை வோணும். எனக்கு அது புரியுது. இல்லாதத நான் எங்கேந்து எடுத்துக் குடுப்பேன்?"

சித்தார்த் தானும் குனிந்து லைனிங்கைத் தடவிப் பார்த்தான்.

"சைலன்சர்தான் ஓட்ட. நீ தெரு முனையில வரச்சொல்லவே இங்க கேட்டுச்சு. எத்தினி மாசமா இப்டி?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா? இந்த ஏரியா நாய்ங்க தூங்கியே ஆறு மாசம் ஆயிருக்கும்."

சித்தார்த் சிரிக்கவில்லை. தௌசீஃப் வெல்டிங் மெஷினை எடுத்தார். வண்டிக்கு அடியில் படுத்து, ஓட்டையில் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அரை மணி நேரம் ஆனது. சக்கரங்களை மாட்டிவிட்டு, ஷெட்டுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டிருந்த ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"ரெஜினா, வண்டி வெளிய வருது. கொஞ்சம் பின்னால பாரு."

"எனுக்கு இது ஒரு வேல," என்று சொல்லிக்கொண்டே கரண்டியோடு வந்து நின்றாள் ரெஜினா.

சித்தார்த் இன்ஜினைப் போட்டான். வண்டி மெதுவாக உறுமியது. எதிர்க்கடையில் பாத்திரம் உரசுவதுகூடக் கேட்டது.

"வர்லாம் தம்பி. வர்லாம், வர்லாம்."

அவன் பின்னால் வந்தான். சக்கரங்கள் வாசலைத் தாண்டின. திடீரென்று, நிறுத்தச் சொல்லி ரெஜினாவின் குரல் உயர்ந்தது.

"வாணா, வாணா."

மிதித்தான். வண்டி அதே இடத்தில் நின்றது. ஒரு சைக்கிள் பின்னால் கடந்து போனது.

"இப்ப வர்லாம்," என்றாள் ரெஜினா. வண்டி அசையவில்லை. "இன்னா தம்பி, ஆஃப் ஆயிடுச்சா?"

அவன் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினான். கீழே இறங்கி, ஷெட்டுக்குள் நடந்தான்.

"அந்த வெல்டிங்கப் பிரிச்சிடுங்க, பாய்."

"இன்னாது?"

"பழையபடி ஆக்கிடுங்க."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தச் சத்தத்துல யார் பேசுனாலும் ஒண்ணும் கேக்காது."

"பாதி கேக்கும்," என்றான் சித்தார்த்.

தௌசீஃபுக்குப் புரியவில்லை. சித்தார்த் வண்டியின் பின்பக்கக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான். போலீஸ் ஸ்டேஷனிலும், எழிலின் அம்மாவிடமும், ஐந்து மெக்கானிக்குகளிடமும் சொன்னதை முதல் தடவையாக மாற்றிச் சொன்னான்.

"எழில் வான்னு சொல்லல, பாய். வாணான்னா."