மெக்கானிக்குக்கு வந்த வேர்வை

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டார் ஆயுர்வேத டாக்டரம்மா.

லாரி மெக்கானிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தேய்த்துக் கழுவியும் நக இடுக்கில் கிரீஸ்.

"திடீர்னு நெஞ்சுலேர்ந்து குப்புனு சூடு ஏறுதுங்க. முகம் தீயா எரியுது. தொப்பலா வேர்த்துக் கொட்டுது. அஞ்சு நிமிஷத்துல குளிருது."

"தூக்கம்?"

"பொட்டுத் தூக்கம் இல்ல. காரணமே இல்லாம அழுகை வருது. டம்ளரை நகர்த்தி வச்சாக்கூடக் கோபம் பொத்துக்கிட்டு வருது."

"உங்களுக்கு?"

"எனக்குத்தான்."

டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்தார். மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

சீட்டில் எழுதிக்கொண்டே, வழக்கமாகப் பெண்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"மாசாமாசம் வர்றது நின்னு எத்தனை நாளாச்சு?"

"பத்து மாசம்ங்க."

சொன்ன பிறகுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. திருதிருவென்று விழித்தார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பொண்டாட்டியை இங்க கூட்டிட்டு வர வெக்கம். அதானே?"

மெக்கானிக் நக இடுக்குக் கிரீஸைச் சுரண்டினார்.

"இது நோயே இல்லங்க. மாசாமாசம் வர்றது நின்னு, உடம்பு பித்தத்துலேர்ந்து வாதத்துக்கு மாறுற வயசு. உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும். காரம் புளிப்பைக் குறைச்சு, உள்ளங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சு, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பால்ல கலந்து குடிச்சா நிறைய பேருக்கு நல்லா இருக்கு. ஆனா கண்ணால பார்க்காத உடம்புக்கு ஒரு சிட்டிகைகூடக் குடுக்க மாட்டேன். பிரஷர் இருக்கா, தைராய்டு இருக்கா, வேற மாத்திரை சாப்பிடுறாங்களா, எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் பிரஷர் இல்லீங்க."

"மறுபடியும் எனக்குங்கிறீங்க! லாரிக்கு அடியில மல்லாந்து படுத்துப் பார்க்கத் தெரியுது. கூட வாழ்றவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரத் தெரியலையா? உங்க வெக்கத்துக்கு அவங்க உடம்பா கிடைச்சுது?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏதாவது குடுங்க டாக்டர். தாங்க முடியல" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அப்போது உள்ளறைத் திரை விலகியது. உச்சந்தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். முந்தாநாள் முதல் தடவையாக வந்து, இன்று எண்ணெய் வைத்துக்கொள்ள வந்திருந்த தையல்காரி.

மெக்கானிக் துள்ளி எழுந்தார். "நீ நூல் வாங்கப் போறேன்னுல்ல சொன்னே?"

"முந்தாநாளும் அதைத்தான் சொன்னேன்" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரிஞ்சா இன்னும் பயப்படுவீங்கன்னுதான். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் பார்த்து மருந்தும் குடுத்துட்டாங்க. பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

"அதான் நேத்து அப்படித் தூங்கினியா!" மெக்கானிக் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மூச்சு வருதான்னு மூக்குல விரலை வச்சுப் பார்த்தேன்டி!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு. அவள் தன் தோளில் கிடந்த துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

டாக்டரம்மா மட்டும் விடவில்லை. "நல்ல புருஷன்தான் போங்க. இவரு வெக்கப்பட்டுக்கிட்டு நிக்க, நீங்களேல்ல வழி தேடி வர வேண்டியதாப் போச்சு?"

"ஐயோ, அவரைத் திட்டாதீங்க டாக்டர்" என்றாள் அவள். "எனக்கு இப்படி இருக்குன்னு யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாதுன்னு, அவர் கையை என் தலையில வச்சு சத்தியம் வாங்கினதே நான்தான். இவ்வளவு திட்டு வாங்கியும், இந்த மனுஷன் உங்ககிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, கவனிச்சீங்களா?"