சுவருக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது இடியில் பூட்டு உடைந்தது.

குலசிங்கம் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். தீயணைப்புப் படையினர் இருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ அதை நிறுத்தினார்கள்.

அவருக்குப் பின்னால் தவமலர் ஈரக்கையைத் துடைத்தபடி நின்றாள். அவருடைய மனைவி. வாடை வியாழக்கிழமையே வந்துவிட்டது. மீன் கழிவு என்று நினைத்துக் குப்பை வாளியை இரண்டு முறை கழுவியிருந்தாள்.

இன்று வெள்ளி.

பக்கத்து வீட்டில் இருந்தவர் வில்லெம். டச்சுக்காரர். எண்பது வயது, தனி ஆள். பால்கனியில் நின்று கையைத் தூக்குவார். இவர்களும் தூக்குவார்கள்.

நான்கு வருடத்தில் அவ்வளவுதான்.

குலசிங்கம் லண்டனில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். தவமலர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். ஓய்வு பெற்றபின், முழங்காலுக்கு வெயில் நல்லது என்று யாரோ சொன்னார்கள். ஸ்பெயினில் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தார்கள். வெயில் இருந்தது. கடல் இருந்தது. ஸ்பானிய மொழியில் காலை வணக்கம் சொல்லவும் பேக்கரியில் பாண் கேட்கவும் தெரிந்திருந்தது. வேறு எதற்கும் அது தேவைப்படவில்லை.

போலீஸ்காரி இளம்பெண். ஆங்கிலம் பேசினாள். கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

திங்கள் காலை என்றார் குலசிங்கம்.

ஞாயிறு என்றாள் தவமலர்.

இருவரும் யோசித்தார்கள். திங்களன்று பிரஷர் மாத்திரை வாங்கப் போனார்கள். செவ்வாயன்று சூடை மீன் பொரித்தார்கள். புதன் காலை தெருச்சந்தையில் ஒரு நீல வாளி வாங்கினார்கள். தினமும் மாலையில் கடலோரம் நடந்தார்கள். தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள்.

அந்த வாரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

உள்ளேயிருந்து வந்த டாக்டர் போலீஸ்காரியிடம் ஏதோ சொன்னார். அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இதயம். நாற்காலியில் இருந்தபடியே. திங்கட்கிழமையாக இருக்கலாம்.

குலசிங்கம் தலையாட்டினார்.

புதன் மதியத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை.

புதன் மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சி. ஏதோ நிகழ்ச்சி. ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நிறுத்தாமல் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளங்கையால் சுவரில் ஓங்கி அடித்தார். சத்தம் குறையவில்லை. மறுபடியும் அடித்தார்.

“மரியாதை தெரியாத மனுசன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மாடிப்படி முழுக்கக் கிருமிநாசினி மணந்தது. இவர்கள் சோறு சாப்பிட்டார்கள். நடக்கப் போகவில்லை. யார் போக வேண்டாம் என்றது என்று இருவருக்கும் தெரியாது.

பின்னேரம் தவமலர் தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். உட்கார்ந்தாள். அவருடைய குறட்டையால் ஆறு வருடமாக இருவருக்கும் வேறு வேறு அறை.

“நான் செத்தா உங்களுக்கு எப்ப தெரியும்?”

“விசர்க்கதை கதையாதையும்.”

“காலமை தேத்தண்ணி வராட்டித் தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

“நீங்கள் போனா எனக்குத் தெரியும். பிறகு நான் போனா இஞ்சை ஆருக்குத் தெரியும்?”

தேநீரில் ஆடை படிந்தது.

“புதன்கிழமை நான் சுவரிலை அடிச்சனான்” என்றார்.

“தெரியும்.”

“அந்தாள் அப்பவே...”

“தெரியும் எண்டுறன்.”

அவர் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

ஞாயிறு காலை அவர் முகம் மழித்தார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார். மேசை லாச்சியிலிருந்து வீட்டின் இரண்டாவது சாவியை எடுத்தார். தவமலர் அவர் பின்னாலேயே படியிறங்கினாள்.

கீழ் மாடியில் ஒரு விதவை இருந்தாள். லிஃப்டில் பார்த்த முகம். தபால் பெட்டியில் என்கார்னா என்று எழுதியிருக்கும். அவர் அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது.

போனில் தேடி ஒரு ஸ்பானிய வாக்கியத்தைப் பாடமாக்கி வைத்திருந்தார். இரண்டாவது சொல்லோடு மறந்துபோயிற்று. சாவியை மட்டும் நீட்டினார்.

என்கார்னா சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தவமலரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அண்ணாந்து, உடைந்த கதவு இருந்த மாடியைப் பார்த்தாள்.

சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நெடுநேரம் வரவில்லை. எதையோ திறந்து மூடித் தேடும் சத்தம் கேட்டது. போய்விடலாமா என்று குலசிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

என்கார்னா திரும்பி வந்தாள். சிவப்பு நூலில் கட்டிய, அவளுடைய வீட்டுச் சாவி ஒன்று. அதைத் தவமலரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். நீளமாக ஏதோ சொன்னாள்; அதில் நாளை என்ற சொல் மட்டும் குலசிங்கத்துக்குப் பிடிபட்டது. கடைசியில், இரண்டு கைகளையும் உயர்த்தி ஒன்பது விரல்களைக் காட்டினாள்.

படியேறும்போது தவமலர் கேட்டாள்.

“என்னவாம்?”

“நாளைக்கு ஒன்பது மணிக்காம்.”

“என்னத்துக்கு?”

“விளங்கேல்லை.”

திங்கட்கிழமை எட்டரைக்கே இருவரும் உடுத்து ஆயத்தமாக இருந்தார்கள்.