ஒத்துப்போகும் மீன்

மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. காற்றுக்குழாய் குபுகுபுவென்று குமிழி விடுகிறது. அந்தக் குமிழிகளுக்குள் புகுந்து விளையாடிய கப்பி மீன்களில் இன்று ஒன்றுகூட இல்லை. குஞ்சிலிருந்து அவள் வளர்த்தவை. போன வாரம் அவளுடைய அண்ணன் கொண்டுவந்து விட்ட ஆஸ்கர் மீன் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, வயிறு புடைக்க ஒரு மூலையில் அசையாமல் நிற்கிறது. வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையிலிருக்கும் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "பரம சாது, கப்பியோட நல்லா ஒத்துப்போகும்னு சொன்னியே அண்ணா," என்கிறாள். குரல் உயரவே இல்லை. "சொன்னேன்மா." "கடைக்கு வர்றவங்க கேட்டா என்ன சொல்லுவே?" அண்ணன் தொட்டியையே பார்க்கிறான். "ரெண்டையும் சேர்த்துடாதீங்கன்னுதான்." பிறகு தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "கடையில எல்லாத்தையும் கடிச்சுக் குதறுச்சு. எவனும் வாங்கல. உன் வீட்டுல விட்டா நீ எதுவும் கேக்கமாட்டேன்னு..." அவள் கண்ணாடியில் விரல் வைக்கிறாள். இரை போட வந்திருக்கிறாள் என்று ஆஸ்கர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "வேற கப்பி தர்றேன். இதைப் பிடிச்சுட்டுப் போயிடறேன்," என்று அண்ணன் எழுகிறான். "வேண்டாம், இது இங்கேயே இருக்கட்டும். இது எங்கிட்ட பொய் சொல்லல," என்றபடி அவள் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.