அந்தோனிமுத்துவின் ஞானஸ்நானப் பதிவு

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கோயில் அலுவலகத்துக்கு நிதர்சனா வந்தது அது நான்காவது தடவை. அப்பப்பாவின் தம்பி அந்தோனிமுத்துவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை, வெளிநாட்டு அலுவலோ?" பதிவேடுகளுக்குப் பொறுப்பான புளோரன்ஸ் கேட்டாள்.

"இல்லை அன்ரி. அவர் ஆரின்ர பிள்ளையெண்டு சரியாய் அறியவேணும்."

அவர் பிறந்த ஆண்டு யாருக்கும் தெரியாது. இடம்பெயர்வில் நனைந்து மை கலைந்த பக்கங்களை இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். கடைசியில் 1941இல் பெயர் அகப்பட்டது. பெற்றோரின் பெயர்களையும் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பையும் வாசித்ததும் புளோரன்ஸ் தயங்கினாள்.

"மனம் நோகாதேங்கோ பிள்ளை. இவர் உங்கட அப்பப்பாவின்ர கூடப்பிறந்த தம்பி இல்லை. வேற ஆரோ பெத்த பிள்ளையை உங்கட பூட்டன் எடுத்து வளர்த்திருக்கிறார்."

நிதர்சனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். புளோரன்ஸ் அவளுடைய முதுகைத் தடவினாள்.

"வளர்த்த சொந்தமும் சொந்தம்தானே, பிள்ளை."

"அப்பிடிமட்டும் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி." நிதர்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இவரின்ர பேரன் றொசானும் நானும் மூண்டு வருசமாய் விரும்பிறம். அண்ணன் தங்கச்சி முறையெண்டு கலியாணத்தை மறிச்சு வைச்சிருக்கினம். இதில ரெண்டு பிரதி எழுதித் தாங்கோ, ரெண்டு வீட்டுக்கும் காட்டவேணும்."